ஈரத்தின் அளவே நீச்சல்

போடிநாயக்கனூர் உரக்கடைகளில் 'சூடோமோனாஸ்' என்று கேட்டால் வெள்ளைப் பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தருவார்கள். அது ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரியும் ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சேரும். அங்கே அதைத் தொழு உரத்தோடு கலந்து, ஏலச்செடியின் தூரைச் சுற்றி இடுவார்கள். கிழங்கையும் வேரையும் அழுகலில் இருந்து காக்க வேண்டும் என்பது நோக்கம்.

பொடியில் பெரும்பகுதி வெறும் டால்க். வேலை செய்வது அதில் ஒட்டியிருக்கும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியா. விற்பனைக்கு வரும் பொடியின் ஒவ்வொரு கிராமிலும் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த பாக்டீரியா வேரின் மேல் குடியேறி, சுற்றுப்புற இரும்புச் சத்தைத் தன் வசமாக்கிக்கொள்கிறது. அதனால் நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு கிடைப்பதில்லை. இதன் சில வகைகள் பூஞ்சையைக் கொல்லும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. சில வகைகள் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகின்றன.

ஆனால் பொடி விழுந்தது மண்ணின் மேல். காக்க வேண்டிய வேர்நுனி சில சென்டிமீட்டர் கீழே, நாள்தோறும் வளர்ந்து இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியாவின் நீளமோ ஏறத்தாழ 2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. மழைநீர் அதைக் கொஞ்ச தூரம் இறக்கிவிடும். மிச்சத் தூரத்தை அது தன் உடலின் வெளிப்புறத்தில் முளைத்திருக்கும் இழைகளைக் கொண்டே கடக்க வேண்டும். ஏலமலையின் வேர்நலத்தில் ஒரு பங்கு இந்த இழைகளின் கையில் இருக்கிறது. அவை எப்படி வேலை செய்கின்றன, எப்போது வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன என்பதுதான் இந்த அத்தியாயம்.

மிளகுத் தண்ணீரில் தொடங்கிய கதை

பாக்டீரியா நகர்வதை மனிதர் முதலில் கண்டது ஒரு நறுமணப் பொருளின் உதவியால். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பினார். மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து, தானே செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கியில் பார்த்தார். காரத்தின் காரணம் தெரியவில்லை. ஆனால் அந்தத் துளியில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஓடித் திரிவதைக் கண்டார். 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார்.

அவை எதைக் கொண்டு ஓடுகின்றன என்பது அதற்குப் பின் மூன்று நூற்றாண்டுகளுக்குத் தெளிவாகவில்லை. செல்லிலிருந்து நீளும் மெல்லிழைக்குக் கசையிழை என்று பெயர் வைத்தார்கள். அது சாட்டையைப் போல் வளைந்து அடித்து நீந்துவதாகவே பலர் எண்ணினார்கள். விலங்குச் செல்களின் வால் அப்படித்தானே அசைகிறது!

1973இல் ஹோவர்ட் பெர்க், ராபர்ட் ஆண்டர்சன் இருவரும் பாக்டீரியாவின் இழை அடிக்கவில்லை, சுழல்கிறது என்று வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் சில்வர்மன், மெல்வின் சைமன் இருவரும் அதைக் கண்ணெதிரே காட்டினார்கள். கசையிழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிட்டார்கள். இழை அசைய முடியாதபோது செல்லின் உடலே சுற்றத் தொடங்கியது. சுழலும் அச்சு ஒன்று உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது என்பதில் அதற்குப் பின் ஐயம் இருக்கவில்லை.

நன்கு ஆராயப்பட்ட ஈ. கோலை பாக்டீரியாவில் இந்த அமைப்பை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். செல்லின் உறையில் பதிந்திருக்கிறது மோட்டார். அதன் அகலம் சுமார் 45 நானோமீட்டர். அதிலிருந்து வெளியே வருகிறது வளையக்கூடிய குட்டைக் கொக்கி. கொக்கியின் முனையில் தொடங்குகிறது நீண்ட இழை. 20 நானோமீட்டர் தடிமன், 10 மைக்ரான் வரை நீளம். உடலைவிடப் பல மடங்கு நீண்ட அந்த இழை, திருகு வடிவில் சுருண்டிருக்கிறது.

இழை முழுவதும் ஃபிளாஜெல்லின் என்ற ஒரே புரதத்தின் பல்லாயிரம் பிரதிகளால் ஆனது. அது வளரும் விதம் வியப்பானது. நம் தலைமுடி வேரில் வளர்கிறது. கசையிழை நுனியில் வளர்கிறது. செல்லுக்குள் தயாராகும் ஃபிளாஜெல்லின், இழையின் நடுவே உள்ள 2 நானோமீட்டர் துளை வழியாகப் பயணம் செய்து, நுனிக்குப் போய் அங்கே அமர்கிறது. கட்டடம் எழும்ப எழும்பக் கல் அதன் உள்ளே ஏறி உச்சிக்குப் போகிறது.

மோட்டாருக்கு எரிபொருள், செல்லுக்கு வெளியே கூடியிருக்கும் ஹைட்ரஜன் அயனிகள், அதாவது புரோட்டான்கள். அவை உள்ளே பாயும் வழியில் மோட்டாரைத் தள்ளிச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்குச் சுமார் ஆயிரம் புரோட்டான்கள் செலவாகின்றன. நீந்தும் ஈ. கோலையில் மோட்டார் நொடிக்கு நூறு சுற்று என்ற அளவில் ஓடுகிறது. கடலில் வாழும் சில விப்ரியோ வகைகள் புரோட்டானுக்குப் பதில் சோடியம் அயனியைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் மோட்டார் நொடிக்கு 1,700 சுற்று வரை சுழல்வதை 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தார்கள்.

ஏன் திருகு வடிவம்?

மீன் வாலை இடமும் வலமும் அடித்து முன்னேறுகிறது. வாலை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும். பாக்டீரியாவின் அளவில் அந்த வழுக்கல் கிடையாது. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கணக்குப் போட்டார். நீந்தும் பாக்டீரியா மோட்டாரை நிறுத்தினால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைந்த தூரத்தில்!

உடல் சிறுக்கச் சிறுக்க அதன் எடையும் உந்தமும் வெகுவேகமாகக் குறைந்துவிடுகின்றன. நீரின் பிசுபிசுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த உலகில் முன்னும் பின்னுமாக ஒரே வழியில் அசையும் துடுப்பு பயன்படாது. முன்னால் தள்ளிய அளவு, திரும்பி வரும்போது பின்னால் இழுத்துவிடும். திரும்பி வராத அசைவு வேண்டும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும் திருகு அப்படிப்பட்டது. கசையிழையின் வடிவத்தை நிர்ணயித்தது இந்த இயற்பியல்தான்.

இந்த வழியில் ஈ. கோலை நொடிக்கு 20 முதல் 30 மைக்ரான் தூரம் போகிறது. தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல், ஒரே நொடியில். விடாமல் நேராகப் போனால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்.

கண் இல்லாமல் வழி தேடுதல்

ஆனால் எந்த பாக்டீரியாவும் நேராகப் போவதில்லை. பெர்க், ஓடும் பாக்டீரியாவைத் தொடர்ந்து தானே நகரும் நுண்ணோக்கி ஒன்றைக் கட்டினார். டக்ளஸ் பிரவுனோடு சேர்ந்து 1972இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். ஈ. கோலை சுமார் ஒரு நொடி நேராக ஓடுகிறது. பிறகு பத்தில் ஒரு நொடி தடுமாறிப் புரள்கிறது. புரண்டு முடிந்ததும் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மறுபடி ஓட்டம்.

மோட்டார்கள் ஒரு திசையில் சுழலும்போது பல கசையிழைகளும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு ஒரே கற்றையாகத் தள்ளுகின்றன, அது ஓட்டம். ஒன்றிரண்டு மோட்டார்கள் எதிர்த்திசையில் திரும்பினால் கற்றை பிரிகிறது, அது புரளல். சூடோமோனாஸ் இனத்தில் கசையிழைகள் ஒரு முனையில் மட்டும் இருக்கும். அவற்றில் பல, புரள்வதற்குப் பதில் பின்னோக்கி நீந்தித் திசை மாற்றிக்கொள்கின்றன.

வேர் எந்தப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? வேர், சர்க்கரைகளையும் அமினோ அமிலங்களையும் கரிம அமிலங்களையும் சுற்றியுள்ள ஈரத்தில் கசியவிடுகிறது. பக்கத்தில் போகப்போக அவற்றின் செறிவு கூடும். உடல் மிகச் சிறியதாக இருப்பதால், தலைப்பக்கச் செறிவையும் வால்பக்கச் செறிவையும் ஒப்பிட்டுத் திசை அறிவது பாக்டீரியாவுக்குக் கடினம். அது காலத்தை ஒப்பிடுகிறது. கடந்த ஒரு நொடியில் உணர்ந்த செறிவையும் அதற்கு முந்தைய சில நொடிகளில் உணர்ந்ததையும் ஒத்துப் பார்க்கிறது. கூடிக்கொண்டு வந்தால் புரளலைத் தள்ளிப்போடுகிறது. சரியான திசையில் ஓட்டம் நீள்கிறது. மூளையில்லாத ஓர் உயிர், சில நொடி நினைவை மட்டும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறது. ராபர்ட் மெக்நாப், டேனியல் கோஷ்லேண்ட் இருவரும் 1972இல் இதை நிறுவினார்கள்.

இந்த அலைச்சலின் பயனை எளிய கணக்கில் காணலாம். அசையாத நீரில், கசையிழை இல்லாத ஒரு செல் மூலக்கூறுகளின் தள்ளுமுள்ளில் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடியும் புரண்டும் அலையும் செல் அதே நேரத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பரவிவிடும். ஒரு நாள் கொடுத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். இலக்கின்றி அலைந்தாலே இவ்வளவு; வேரின் கசிவு வழிகாட்டினால் இன்னும் விரைவு.

1987இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸின் ஒரு வகையில் கசையிழையை இழந்த பிறழ்வுச் செல்களைத் தேர்ந்தெடுத்து உருளைக்கிழங்கு வேரில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றால் வளரும் வேரோடு போட்டி போட்டு நுனியை எட்ட முடியவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் கோதுமையில் செய்த ஆய்வில் நகராத செல்களும் வேரில் நன்றாகவே குடியேறின. இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மண்ணில் நீர் இறங்கும் விதம், வேர் வளரும் வேகம், பயிரின் கசிவு ஆகியவற்றைப் பொறுத்துக் கசையிழையின் பங்கு கூடும், குறையும்.

எறிந்து இழுக்கும் இழை

நீர் மெலிந்து, நீந்த இடமில்லாத பரப்பில் வேறொரு கருவி வேலைக்கு வருகிறது. அதற்குப் பிலி என்று பெயர். கசையிழையைவிட மிக மெல்லியது. தடிமன் சுமார் 6 நானோமீட்டர்தான். இது சுழல்வதில்லை. செல் இதை வெளியே நீட்டுகிறது. நுனி எங்கேனும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டியை இறக்கி இழுப்போமே, அதைப் போன்றது. ஒரே வேறுபாடு, இங்கே பிடிபட்ட பொருள் மேலே வருவதில்லை. கயிற்றை இழுப்பவர்தான் அதை நோக்கிப் போகிறார்.

பிலி உள்ளிழுக்கப்படுகிறது என்பதை 2000இல் நைசீரியா பாக்டீரியாவில் அலெக்ஸி மெர்ஸ், மேகி ஸோ, மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் அளந்து நிறுவினார்கள். அடுத்த ஆண்டு ஸ்கெர்க்கர், பெர்க் இருவரும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் பிலிகளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அவை நீள்வதையும் ஒட்டுவதையும் சுருங்குவதையும் நேரில் பார்த்தார்கள். ஒரு பிலி சுருங்கும்போது கொடுக்கும் விசை 100 பிக்கோநியூட்டன் அளவுக்குப் போகிறது. அந்தச் செல்லின் எடையோடு ஒப்பிட்டால் இது பல்லாயிரம் மடங்கு.

மூன்றாவது வழியும் உண்டு. தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு பழக்கமான அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தில் உள்ள பாக்டீரியாவின் சில வகைகள் இருவிதக் கசையிழை வைத்திருக்கின்றன. முனையில் உள்ள ஒன்று நீரில் நீந்த. பக்கவாட்டில் முளைக்கும் பல, பிசுபிசுப்பான பரப்பில் கூட்டமாக ஊர்ந்து போக. பக்கவாட்டு இழைகள் எப்போதும் இருப்பதில்லை; பரப்பில் பட்டு, நீந்துவது கடினமான பிறகுதான் முளைக்கின்றன.

நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே மோட்டார்

இதே கருவிகள் பயிரைக் கொல்பவர்களிடமும் இருக்கின்றன. மலைச்சரிவுகளில் இஞ்சி போடுபவர்கள் அஞ்சும் வாடல் நோய்க்குக் காரணம் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. பச்சையாக நின்ற இஞ்சி சில நாட்களில் துவண்டு விழும். அதே பாக்டீரியா கேரளத்தில் ஏலச்செடியையும் தாக்கியது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மரபணு ஒப்பீட்டில், இஞ்சியையும் ஏலத்தையும் வாட்டுவது ஒரே வகை ரால்ஸ்டோனியா என்று கண்டு 2012இல் வெளியிட்டார்கள். ஏலத்துக்கு ஊடே இஞ்சி போடும் தோட்டங்களுக்கு இது நேரான எச்சரிக்கை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ஆலன் குழுவினர் 2001இல் தக்காளியில் செய்த சோதனை, இழைகளின் பங்கைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. கசையிழை இல்லாத ரால்ஸ்டோனியாவை மண்ணில் ஊற்றினால் நோய் வெகுவாகக் குறைகிறது. அதையே நேரடியாகத் தண்டுக்குள் செலுத்தினால், கசையிழை உள்ளதைப் போலவே செடியைக் கொல்கிறது. வேரைக் கண்டுபிடித்து உள்ளே நுழையும்வரைதான் அதற்கு நீச்சல் தேவை. உள்ளே போன பின் பெரும்பாலான செல்கள் நீந்துவதை நிறுத்திவிடுகின்றன. பிலிகளை இழந்த வகைகளும் நோய் உண்டாக்கும் திறனில் பின்தங்கின என்று அதே ஆண்டு இன்னொரு ஆய்வு காட்டியது.

செடியும் சும்மா இருப்பதில்லை. கசையிழையின் ஃபிளாஜெல்லினில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதியைச் செடிகள் அடையாளம் காண்கின்றன. அதை உணரும் புரதத்தை 2000இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கண்டுபிடித்தார்கள். வால் தட்டுப்பட்டவுடன் செடியின் பாதுகாப்பு விழித்துக்கொள்கிறது. ரால்ஸ்டோனியாவின் ஃபிளாஜெல்லினில் அந்த 22 எழுத்துகளில் சில மாறியிருக்கின்றன. அதனால் பல செடிகள் அதை அடையாளம் காணாமல் விட்டுவிடுகின்றன. நகரத் தேவையான இழையே காட்டிக்கொடுக்கும் என்பதால், அந்த இழையின் எழுத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறான் பகைவன்.

மழைக்காலத்தில் ஏலக்காயைச் சரத்திலேயே அழுக வைக்கும் ஃபைட்டோஃப்தோராவும் நீந்தும். அது பாக்டீரியா அல்ல. அதன் நீந்தும் வித்துகளுக்கு இரண்டு வால்கள். அவை சுழல்வதில்லை, அலைபோல் அடிக்கின்றன. அமைப்பு முற்றிலும் வேறு; தேவை ஒன்றுதான்: வழியெங்கும் தொடர்ந்த நீர்.

ஒன்றரை மைக்ரான் நீர்ப்படலம்

மண்ணில் நீர் துகள்களைச் சுற்றிப் படலமாக ஒட்டியிருக்கிறது. அந்தப் படலம் எவ்வளவு மெலிந்தால் நீச்சல் நிற்கும்? 2010இல் ஆர்னோ டெஷென் குழுவினர், சூடோமோனாஸ் ப்யூட்டிடா என்ற மண் பாக்டீரியாவைக் கரடுமுரடான நுண்துளைப் பரப்பில் விட்டு இதை அளந்தார்கள். நீர்ப்படலம் 1.5 மைக்ரானுக்குக் கீழே போனவுடன் நீச்சல் ஏறத்தாழ நின்றுவிட்டது. நீரின் பரப்பு இழுவிசை செல்லைப் பரப்போடு அழுத்திப் பிடித்துவிடுகிறது. கைக்கு நன்றாக ஈரமாகத் தெரியும் மண்ணிலும் படலம் அதைவிட மெலிந்திருக்கலாம். ஆக, நீந்துவதற்குக் கிடைப்பது மழை பெய்யும் நேரமும் அது வடியும் நேரமும்தான். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஈரம் திரும்பியவுடன் செல்கள் விரைவாக மறுபடி நீந்தத் தொடங்கின. சிறு சிறு ஈர வேளைகளே அவற்றுக்குப் போதும்.

போடியில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் செய்தி எளிதில் விளங்கும். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டும்போது, கிழக்கே அடிவாரத்தில் இருக்கும் ஊர் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். மேலே ஏலத்தோட்டத்திலும் ஒரு தூருக்கு அடியில் சருகு மூடாக்கு இருக்கிறது. பக்கத்துத் தூருக்கு இல்லை. ஒரே நாளில், சில அடி தூரத்தில், ஒரு பாக்டீரியா நீந்துகிறது, இன்னொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. 2024 கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பெருமளவில் காய்ந்தன. அப்படிப்பட்ட காலத்தில் எத்தனை பொட்டலம் இட்டாலும் அது வேரைத் தேடிப் போகாது.

இதிலிருந்து தோட்டத்துக்கு ஆகும் காரியங்கள் தெளிவானவை. பொடியைக் காய்ந்த மண்ணில் தூவிவிட்டு வரக் கூடாது. மழைக்குப் பின்னோ நீர் பாய்ச்சிய பின்னோ ஈர மண்ணில் இட வேண்டும். மக்கிய தொழு உரத்தில் கலந்து இடுவது நல்லது. அது உணவும் தரும், ஈரமும் பிடிக்கும். ஏலத்தின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்பவை என்பதால் சருகு மூடாக்கு காக்கும் ஈரம் நேராக வேருக்கே உதவுகிறது. போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் இடுவது காசைக் கரைப்பது.

ஈரம் நண்பனை மட்டும் நீந்த வைக்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தேங்கிய நீரில் ரால்ஸ்டோனியாவும் ஃபைட்டோஃப்தோராவும் அதே சுதந்திரத்தோடு திரியும். அதனால் ஈரம் வேண்டும், தேக்கம் வேண்டாம். நோயில்லாத இடத்து நாற்றும் கிழங்கும் வேண்டும். வாடல் கண்ட தூரின் மண்ணும் நீரும் அடுத்த தூருக்கு வழியாமல் வடிகால் வெட்ட வேண்டும். நண்பனை முன்கூட்டியே வேரில் குடியேற்றிவிட்டால், பின்னால் வருபவனுக்கு அங்கே இடமும் உணவும் குறைவு. இது முதலில் வந்து சேர்பவர் யார் என்ற போட்டி.

உயிர் உரத்தின் தரத்தை நாம் இன்று எண்ணிக்கையால் அளக்கிறோம்: கிராமுக்கு எத்தனை கோடி. அந்த அளவு அவசியம். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும்: இந்தச் செல்கள் எவ்வளவு நன்றாக நகர்கின்றன? ஆய்வகத்தின் செழிப்பான ஊட்டக் கரைசலில் தலைமுறை தலைமுறையாக வளரும் பாக்டீரியா நீந்த வேண்டிய தேவையே இல்லாமல் போய், அந்தத் திறனை இழப்பதுண்டு. இந்த மலையின் மண்ணில் பிறந்து, இதன் மழைக்கும் வெயிலுக்கும் பழகி, ஏலவேரின் கசிவைத் தேடி நீந்தத் தெரிந்த வகைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கூடுதல் பலன் கிடைக்கும். அந்தத் தேர்வுக்குப் பெரிய கருவி வேண்டாம். மென்மையான அகார்த் தட்டில் ஒரு துளி வைத்து, மறுநாள் வளையம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளந்தாலே முதல் சல்லடை ஆயிற்று. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்திலும் ஆசிரியர் உடனிருந்து செய்யக்கூடிய அளவு எளியது அது. போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் படிக்கும் பிள்ளைகள் தங்கள் மலையின் மண்ணைக் கொண்டே இந்த அறிவியலைத் தொடங்கலாம்.